நிறைந்திருக்கிறது

என் வேலை மௌனங்களைக் கேட்பது.

பேச்சைக் கேட்பதற்கு எங்கள் ஆய்வகத்தில் இயந்திரம் இருக்கிறது. நாலாயிரம் வீடுகளின் சமையலறைச் சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி ஒட்டியிருக்கும். அதற்கு எண்ணும் எழுத்துமாக நீளமான பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் அதைக் கேட்பான் என்றார்கள். பிறகு நாங்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டோம். குழம்பா ரசமா என்பதிலிருந்து பெண்ணை மேலே படிக்க வைப்பதா நிறுத்துவதா என்பது வரை, ஒரு வீட்டில் ஒரு நாளில் எடுக்கிற முடிவுகள் எல்லாம் அதன் வழியாக எங்களுக்கு வந்து சேரும். பேச்சு நின்று இருபது விநாடிக்கு மேல் போனால் மட்டும் இயந்திரம் தடுமாறும். அந்தத் துண்டை வெட்டி என் திரைக்கு அனுப்பும். நான் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, நான்கு எண்களில் ஒன்றைப் போட வேண்டும். ஒன்று, செயலற்ற நேரம். இரண்டு, யோசனை. மூன்று, உடன்பாடு. நான்கு, மறுப்பு. பத்தில் எட்டுக்கு நான் ஒன்றுதான் போடுவேன்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் பதினோரு வருடம் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவள் நான். கேள்வி கேட்டால் ஜனங்கள் கேட்டவருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்கிறார்கள் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். கேட்பான் வந்தபின், ஆய்வு வீடுகளில் எங்களில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்பது விதியாயிற்று. கேட்டால் தரவு கெட்டுப்போகும். எங்கள் இயக்குநர் மகிழ்நன் தன் அறைச் சுவரில் ஒரு வாசகத்தை எழுதி மாட்டியிருந்தார்: ‘கேட்டால் பொய் வரும். கேட்டுக்கொண்டே இருந்தால் உண்மை வரும்.’ வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் ஒரே சொல்தானே நமக்கு. அந்த வாசகத்தை நான் பல வருடம் ரசித்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை வந்த துண்டு, ஏழாம் குடியிருப்பின் 318ஆம் வீட்டிலிருந்து வந்தது. நாற்பத்தோரு விநாடி. வெட்டு மூன்று விநாடி பிசகியிருந்ததால், மௌனத்துக்கு முன்னால் இருந்த பேச்சின் வால் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் குரல். கதவருகே நிற்கிற யாரிடமோ சொல்வதுபோல:

“அரிசி நெறஞ்சிருக்கு.”

அதன்பின் மௌனம். மௌனம் என்றால் ஒன்றும் இல்லாதது அல்ல. தகர டிரம்மின் மூடி திறந்தது. உழக்கு உள்ளே இறங்கி அடித்தகரத்தில் உரசியது. ஒரு தரம். இரண்டாம் தரம். மூன்றாம் தரம் ஓரமாகச் சுற்றிச் சுரண்டியது. மூடி விழுந்தது. அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் வரவில்லை.

நான்கு முறை கேட்டேன். அதற்குள் என் கை ஒன்று என்ற எண்ணின்மேல் போயிருந்தது. எடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் சில பொருள்களை இல்லை என்று சொல்வதில்லை. அரிசி, உப்பு, மஞ்சள், விளக்குக்கு ஊற்றும் எண்ணெய். தீர்ந்துபோனால் நிறைந்திருக்கிறது என்பார்கள். இல்லை என்ற சொல் வீட்டுக்குள் விழுந்தால் அங்கேயே தங்கிவிடும் என்று ஒரு பயம். வீட்டுக்காரன் வெளியே கிளம்பும்போது ‘அரிசி நெறஞ்சிருக்கு’ என்றால், அவன் பையை எடுத்துக்கொண்டு போவான். இதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. விளக்க வேண்டியிருந்ததில்லை.

318ஆம் வீட்டின் பதிவைத் திறந்து பார்த்தேன். இயந்திரம் அந்த வாக்கியத்துக்கு நேரே எழுதியிருந்தது: ‘அரிசி இருப்பு முழுமை. அடுத்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம்.’

ஏழாம் குடியிருப்பில் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எல்லோரும் கடற்கரையில் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். கடல் ஏறி அளங்களை மூடியபின், பதினாலு மாதங்களுக்கு முன்னால் உள்நாட்டில் வீடு கட்டிக் குடியேற்றினார்கள். வேறு வேலை அமையும் வரை மாதாமாதம் அரிசி. யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கேட்பதும் வரிசையில் நிறுத்துவதும் அவமானம் என்று, அந்தப் பொறுப்பைக் கேட்பானிடம் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கிறது என்று காதில் விழுந்தால் அடுத்த மாதம் குறையும். இல்லை என்று விழுந்தால் கூடும். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான்.

318க்கு முதலில் இருபது கிலோ போயிருந்தது. பிறகு பதினாலு. பிறகு ஒன்பது. போன மாதம் நான்கு.

மற்ற வீடுகளையும் எடுத்தேன். எந்த வீட்டில் அந்தச் சொல் அதிகம் கேட்டதோ, அந்த வீட்டுக்கு அரிசி குறைந்திருந்தது. அரிசி குறையக் குறைய அந்தச் சொல் இன்னும் அதிகம் கேட்டது. மேசைமேல் இருந்த தேநீரில் ஆடை படிந்திருந்தது. எப்போது கொண்டுவந்து வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மகிழ்நன் கெட்டவர் அல்ல. என்னைவிட ஆறு வயது இளையவர். மதியச் சாப்பாட்டில் பாதியை எப்போதும் யாருக்காவது கொடுப்பவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தன் திரையை என் பக்கம் திருப்பினார். ஏழாம் குடியிருப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை. ‘நிறைவில் சிக்கனம்’ என்று தலைப்பு. வீட்டில் அரிசி நிறைய இருந்தும் இந்த மக்கள் ஒரு வேளைதான் சமைக்கிறார்கள், யாரும் கட்டாயப்படுத்தாமல் அவர்களாகவே எடுத்த முடிவு இது, என்று அதில் இருந்தது.

“ஒரு சமூகமே சேர்ந்து அடக்கமா வாழ முடிவு பண்ணியிருக்கு, உலகம்மை. இந்த மாதிரி எங்கயுமே பதிவானதில்ல.”

அது முடிவு அல்ல, பசி என்றேன்.

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார், “பசிச்சா சொல்லுவாங்கல்ல? பதினாலு மாசம். அறுநூத்திப் பன்னிரண்டு வீடு. ‘அரிசி இல்லை’ன்னு ஒரு வீட்ல, ஒரு தடவைகூட யாரும் சொல்லல. நான் தேடிப் பாத்துட்டேன்.”

அவர் அதை ஒரு சான்றாகச் சொன்னார். எனக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஏழாம் குடியிருப்பின் அரிசியை முழுக்க நிறுத்துவது பற்றி முடிவு. ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒரு ‘இல்லை’ காதில் விழுந்தால்கூட இயந்திரமே அதைத் தள்ளிப்போட்டுவிடும், தான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, என்றார் மகிழ்நன். எழுந்து வரும்போது, அந்தச் சொல்லுக்கு இருப்பு முழுமை என்று அகராதியில் பொருள் எழுதிச் சேர்த்தது யார் என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பார்க்கிறேன் என்றேன்.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஏழாம் குடியிருப்புக்குப் போனேன். ஏழு வருடத்தில் ஆய்வு வீட்டின் படியில் கால் வைத்தது அன்றுதான். வெயிலில் வெள்ளை வெள்ளையாக ஒரே மாதிரி வீடுகள். பதினோரு மணிக்கு ஒரு வீட்டிலும் தாளிக்கிற வாசனை இல்லை.

318இல் கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பெயர் முப்பிடாதி என்று பிறகு சொன்னாள். குதிகாலில் இன்னும் உப்பு அரித்த வெடிப்புகள். கணவன் கந்தையா கட்டட வேலை தேடி விடிகாலையில் போயிருந்தான். குரல் அதேதான். பதினாலு மாதமாக நான் அவளுடைய மௌனத்தை மட்டும் கேட்டிருந்ததால், அவள் பேசியது எனக்கு ஏதோ கூச்சமாக இருந்தது.

“புதுசா வந்திருக்கியளாக்கா? எந்த வரிசை?”

“பின்னால. ஒன்பதாவது,” என்று பொய் சொன்னேன்.

“அங்கயா. அங்க கொழாயில தண்ணி வாரதுக்குள்ள ஒங்களுக்குப் பேரன் பொறந்துருவான்.”

சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிட்டாள். கேட்பான் சுவரில் இருந்தது. அதற்கு அவள் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தாள்.

நான் போட்டிருந்த திட்டம் இதுதான். சாமான் வண்டி இன்னும் வந்து சேரவில்லை, ஒரு உழக்கு அரிசி கொடுங்கள், நாளைக்குத் தருகிறேன் என்று கேட்பது. வேறு வழியில்லாமல் அவள் இல்லை என்று சொல்வாள். சுவர் அதைக் கேட்கும். கள வேலையில் இருந்த காலத்தில் ஒரு வீட்டின் நிலை தெரிய வேண்டுமென்றால் நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம், கைமாற்று கேட்போம். கேள்விக்குப் பொய் சொல்கிறவர்கள் கைமாற்றுக்குச் சொல்ல முடியாது.

கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த அதே மௌனம், இப்போது முகத்தோடு. பிறகு திரும்பி டிரம்மைத் திறந்தாள். உழக்கு அடித்தகரத்தில் உரசியது. ஓரமாகச் சுற்றிச் சுரண்டியது. எட்டிப் பார்த்தேன். தகரம் பளபளவென்று தெரிந்தது.

உழக்கை என் துணிப்பையில் கவிழ்த்தாள்.

“கோபுரமா அளக்க முடியல. கோவிச்சுக்காதீங்கக்கா.”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். சுவருக்குக் கேட்காத தூரத்தில் நின்று, நான் யார் என்பதையும், அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதையும், வெள்ளிக்கிழமை என்ன நடக்கப்போகிறது என்பதையும் சொன்னேன். முதலில் அவள் சிரித்தாள்.

“சுவத்துல ஒட்டியிருக்க பல்லிதான் எங்க அரிசிய அளக்குதா?”

பிறகு சிரிக்கவில்லை. மாதாமாதம் ஏன் குறைகிறது என்று வரிசையிலே எல்லோரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டதாகவும், சரக்குக் கொண்டுவருகிறவனோடு கந்தையா கைகலந்ததாகவும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று சொன்னால் போதும். இரண்டே சொல்.

“நான் சொல்ல மாட்டேங்கா.”

நான் விடவில்லை. அது வெறும் சொல் என்றேன். அவள் வெகுநேரம் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். மௌனத்தில் காத்திருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில்.

“நான் ஒருக்க சொல்லிட்டேங்கா,” என்றாள். “அளத்துல வச்சு. ஒரு பொம்பள வந்து ஒரு கை உப்பு கேட்டா. என்னமோ எரிச்சல்ல இருந்தேன். உப்பு இல்ல, போன்னுட்டேன். சுத்தி முழுக்க உப்புக் குமி. நடுவுல நின்னு இல்லன்னேன். அந்த வாரந்தான் கடல் ஏறுச்சு. எறங்கவே இல்ல.”

கடல் முப்பது வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறது, பூமி சூடாவதால் வந்தது, அதற்கும் அவள் பேச்சுக்கும் என்ன சம்பந்தம், என்றேன்.

“தெரியும். நானும் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்.” தலையை முடிந்துகொண்டாள். “அளம் போச்சு. இனி அரிசியுமா?”

வீட்டுக்குள் ஆணியில் ஒரு சின்னப் பாவாடை தொங்கியதைப் பார்த்திருந்தேன். பேச்சை மாற்ற வேண்டும் என்று, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறாளா என்று கேட்டேன். முகத்தைத் துடைக்கிற சாக்கில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகள் செண்பகத்துக்குப் பத்து வயது. ஆவணி மாதம் ஐந்தாம் தேதி டவுனில் ஒரு வீட்டில் எடுபிடி வேலைக்கு விட்டிருக்கிறார்கள். மூன்று நேரமும் சோறு. இங்கே அரிசி வருவது சரியானால் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருக்கிறார்கள்.

“நல்ல நெறஞ்ச வீடுதாங்கா,” என்றாள்.

அவள் அதை எந்தப் பொருளில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய், ஆவணி ஐந்தைத் தேடி எடுத்தேன். 318ஆம் வீடு, காலை ஆறு நாற்பது. நான்கு நிமிடம் பத்து விநாடி மௌனம். கேட்டேன். சீப்பு முடியில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே சீவிய முடியை மறுபடி மறுபடி சீவுகிற சத்தம். ரிப்பன் முறுக்கும் சரசரப்பு. அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டும் சரசரப்பு. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கடைசியில், வெட்டின் விளிம்பில், செண்பகத்தின் சின்னக் குரலில் ‘போயிட்டு வா’ என்பது வரை கேட்டது. முழுசாக ‘போயிட்டு வாரேம்மா’ என்று அவள் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் துண்டுக்கு நேரே என் குறியீடு இருந்தது. ஒன்று. செயலற்ற நேரம். அதைப் போட நான் எடுத்துக்கொண்ட நேரமும் பதிவாகியிருந்தது. ஆறு விநாடி. நான்கு நிமிடத்தையும் நான் கேட்டிருக்கவே இல்லை.

அதன் கீழே இயந்திரம் எழுதியிருந்தது: ‘வீட்டு நபர்கள் மூவரிலிருந்து இருவர். தாமாக எடுத்த முடிவு. ஒதுக்கீட்டைக் குறைக்கலாம்.’

மகிழ்நன் பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. திங்கட்கிழமை நான் சொன்னது அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்ததாம். இப்போது நிம்மதி. திரையைக் காட்டினார். ‘வீடு 318. அரிசி இருப்பிலிருந்து வெளியாருக்கு வழங்கப்பட்டது. வகை: உபரி வீடு.’

“பாருங்க, அடுத்தவங்களுக்குக் குடுக்கறாங்க. இல்லாதவங்க குடுப்பாங்களா?”

என் துணிப்பையை அவர் மேசைமேல் வைத்தேன். முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். முக்கால் உழக்கு. குருணையும் ஒன்றிரண்டு கல்லுமாக, டிரம்மின் அடியில் கிடந்த அரிசி.

“அந்த வெளியாள் நான்தான் சார். இதுக்கு அப்புறம் அந்த டிரம்ல ஒரு மணி கிடையாது.”

அவர் அரிசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “கேட்டீங்களா?” என்றார்.

“கேட்டேன்.”

விதியை மீறியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணியை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். சுவரில் அவர் வாசகம் தொங்கியது. அவர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார் என்று நினைக்கிறேன். கடைசியில், அகராதியில் அந்தப் பொருளை எழுதியது யார் என்று பார்த்தீர்களா என்றார்.

பழைய தாளின் படத்தைத் திரையில் திறந்து வைத்தேன். ஏழு வருடத்துக்கு முன், கேட்பான் தொடங்குமுன், ஒவ்வொரு வட்டாரத்தின் வீட்டுப் பேச்சையும் தெரிந்தவர்களை வைத்துச் சொல்லுக்குப் பொருள் எழுதச் சொன்னார்கள். தென் மாவட்டச் சமையலறைச் சொற்கள் எனக்கு வந்தன. கையால் எழுதிய தாள். பண்டம், சொல், விளக்கம் என்று மூன்று கட்டங்கள். ‘அரிசி. நிறைந்திருக்கிறது. இருப்பு முழுமை.’ கீழே என் கையெழுத்து.

அவருக்குப் புரிய நேரமாயிற்று.

“உங்களுக்குத் தெரியாதா அப்ப?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

சொன்னேன். அது தை மாதத்து வெள்ளிக்கிழமை. இந்த ஆய்வகத்தில் சேர்ந்து நான்காம் நாள். வாடகைக்குப் பிடித்த புது வீட்டில் காலையில்தான் பால் காய்ச்சி விளக்கேற்றிவிட்டு வந்திருந்தேன். முதல் கட்டத்தில் அரிசி என்று எழுதியிருந்தது. அதே வரியில் மூன்றாவது கட்டத்தில், அரிசிக்கு நேராக, இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே சரிபார்க்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும், மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்து, அந்தச் சொல்லையே வேறு சொல்லில் எழுதிவிட்டேன். மேலே இருந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏதோ ஒரு விபத்தைப் பார்ப்பவர் முகம் அது.

பொருள் எழுதியவர் தன் வாயால் காரணம் சொல்லித் திரும்பப் பெற்றால், அந்தப் பொருளை வைத்து எடுத்த முடிவுகள் எல்லாம் நின்றுபோகும். விதியில் அப்படி ஓர் இடம் இருந்தது. இயக்குநர் மேசைமேலும் ஒரு கேட்பான் உண்டு. அவர் அதை என் பக்கம் நகர்த்தி வைத்தார். சரியான பொருளை, பண்டத்தின் பெயரோடு, முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்தேன். நாற்பத்தைந்து வயதில் அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முன்தினம் குழாயடியில் அது வெறும் சொல் என்று ஒருத்தியிடம் வாதாடியவள் நான். மகிழ்நன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என் மௌனம் ஐம்பத்திரண்டு விநாடி என்று பிறகு பதிவில் பார்த்தேன்.

“அரிசி நிறைந்திருக்கிறது என்றால், அரிசி இல்லை,” என்றேன்.

பெட்டியில் பச்சை விளக்கு ஒரு முறை மின்னியது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் பழையபடி இருபது கிலோ போயிற்று. ‘நிறைவில் சிக்கனம்’ கட்டுரையை மகிழ்நன் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மௌனங்களைக் கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஒன்று மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இனி ஒவ்வொரு மௌனமும் அதற்கு முந்தைய பேச்சோடுதான் என் திரைக்கு வர வேண்டும்.

ஆறு வாரம் கழித்து ஒரு காலையில், 318ஆம் வீட்டிலிருந்து ஒரு துண்டு வந்தது. திறக்குமுன்பே இயந்திரம் அதன்மேல் குறித்திருந்தது: ‘பொருள் தெளிவு, நூறு விழுக்காடு.’ அந்தக் குடியிருப்பிலிருந்து அப்படி ஒரு குறிப்பு வந்ததே இல்லை. காதில் மாட்டிக்கொண்டேன்.

அரிசி கொதிக்கிற சத்தம் கேட்டது. அதன்மேல் ஒரு சின்னப் பெண்ணின் குரல். செண்பகம் வந்துவிட்டாள். நான் சாய்ந்து உட்கார்ந்தேன். சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஜாடியின் மூடியைத் திறந்து மூடிவிட்டு, அவள் தெளிவாக, வகுப்பில் பதில் சொல்லும் பிள்ளையைப்போல ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னாள்:

“உப்பு இல்ல.”

கரண்டி கீழே விழுந்தது.

“என்னட்டி சொன்ன?”

“உப்பு இல்லம்மா. எண்ணெயும் இல்ல. நான் நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்.”

“அப்படிச் சொல்லக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? நெறஞ்சிருக்குன்னு சொல்லணும்.”

கொஞ்ச நேரம் கொதி மட்டும் கேட்டது.

“அங்க டவுன் வீட்ல நெறஞ்சிருக்குன்னு சொன்னா, பொய் சொல்லுதேன்னு அடிப்பாங்கம்மா.”

அதன்பின் வந்ததுதான் நான் குறியீடு போட வேண்டிய மௌனம். முழுவதையும் கேட்டேன். அடுப்பை அணைக்கிற சத்தம். பாய் விரிகிற சத்தம். பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைக்கிற சத்தம். சீப்பு முடியில் மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. இரண்டு தரம், மூன்று தரம். நாலாவது தரம் பாதியில் ஓர் இடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு அந்த இடத்தை விட்டுத் தள்ளி, மெல்லச் சீவியது.